மூலைத் தகராறு

பழவேற்காட்டுக் குப்பங்களில் ஆடும் கோழியும் இல்லாத வீடு குறைவு. பூனையை யாரும் வளர்ப்பதில்லை. மீன் இறங்கும் இடத்தில் அது தானாகவே வளர்ந்துகொள்கிறது. முயலை மட்டும், 2023 தொடக்கத்தில் அண்ணன் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கும்வரை, கோட்டைக்குப்பத்தில் எந்த வீட்டிலும் நான் பார்த்ததில்லை. எஞ்சினுக்கு உதிரிபாகம் வாங்கப் பட்டணம் போனவர், அன்று வெள்ளிக்கிழமை என்பதால் பல்லாவரம் சந்தைப் பக்கம் போயிருக்கிறார். பழைய இரும்பு, பழைய நாற்காலி, புறா, கோழிக்குஞ்சு, முயல் எல்லாம் ஒரே வெயிலில் விற்கும் சந்தை அது. “ரெண்டும் பொட்டை, சண்டையே போடாது” என்று விற்றவர் சத்தியம் பண்ணினாராம்.

ஒன்று வெள்ளை, சிவந்த கண். இன்னொன்று சாம்பல். அண்ணன் பிள்ளைகள் வெள்ளைக்குச் சோழி என்றும் சாம்பலுக்கு மடவை என்றும் பேர் வைத்தார்கள். ஏரியின் மடவை மீனுடைய முதுகு நிறம் அப்படியே இருந்தது. ஆயாவுக்கு முயல் என்றால் சவுக்குத் தோப்பில் அந்தி நேரத்தில் குறுக்கே பாயும் காட்டுமுயல்தான். “அது தனியா திரியிற சாதி. ரெண்டை ஒண்ணா அடைச்சா ஒண்ணுதான் மிஞ்சும்” என்றாள்.

ஆயா சொன்னது காட்டுமுயலுக்குச் சரி. அது வளை தோண்டாது. புல்லுக்குள் ஒரு பள்ளத்தில் தனியே படுத்துக்கொள்ளும். அதன் குட்டி கண் திறந்து, உடம்பு முழுக்க மயிரோடுதான் பிறக்கும். வீட்டில் வளர்க்கும் முயலின் பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். குட்டிகள் கண் மூடி, மயிரில்லாமல் பிறக்கும். கூட்டமாக வாழ்வது என்றால் அன்போடு வாழ்வது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் குப்பமும் கூட்டமாகத்தான் வாழ்கிறது.

முதல் சில வாரங்கள் ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கின. டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கும். அந்த மதிலுக்கு வெளியே பிள்ளைகள் அருகம்புல் பறித்துக்கொண்டு வருவார்கள். வெயில் ஏறியதும் அண்ணன் மீனுக்கு வாங்கும் ஐஸில் ஒரு துண்டை உடைத்து, பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்துக் கூண்டுக்குள் போட்டுவிடுவார். முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் இறக்கும். இந்தக் கரையின் புழுக்கத்தில் அதற்குக் காது போதாது. பாட்டில்மேல் காதை ஒட்டிக்கொண்டு இரண்டும் பகலைக் கழித்தன.

பிறகு மடவை வட்டம் போட ஆரம்பித்தது. சோழியைச் சுற்றிச் சுற்றி ஓடி, தொண்டைக்குள் ஒரு ‘ங்க் ங்க்’ சத்தம் எழுப்பி, ஓடுகிற ஓட்டத்திலேயே பக்கவாட்டில் மூத்திரத்தைப் பீய்ச்சி அடித்தது. சுவரில், அரிசி மூட்டையில், ஒரு தடவை அண்ணி முகத்தில். குட்டி முயலில் ஆண் பெண் பார்ப்பது பழகிய கைக்கே கஷ்டம். குறியின் இருபுறமும் மெல்ல அழுத்தினால் ஆணுக்கு உருண்டையான குழல்போல வெளியே வரும். பெண்ணுக்கு நீளவாக்கில் பிளவு தெரியும். சந்தையில் யார் அழுத்திப் பார்க்கிறார்கள்! நாங்கள் பார்த்தபோது சோழி தன் கழுத்து மயிரைப் பிடுங்கி வைக்கோலுக்குள் மெத்தை போட்டுக்கொண்டிருந்தது.

ஏறக்குறைய முப்பத்தொரு நாள்தான் முயலுக்குப் பிள்ளைச்சுமை. ஆறு குட்டி போட்டது. போட்டுவிட்டு அவற்றின் பக்கமே திரும்பவில்லை. “பெத்ததைப் பாக்காத பாவி” என்று ஆயா ஒரு பகல் முழுக்கத் திட்டினாள். விடியுமுன் எழுந்த அண்ணிதான் கண்டுபிடித்தாள்: சோழி கூட்டுக்குள் ஏறி, மூன்று நான்கு நிமிஷம் நின்று, பால் கொடுத்துவிட்டு இறங்கிவிடுகிறது. ஒரு நாளைக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரு முறை. தாய் அடிக்கடி போய்வந்தால் வாசனை பிடித்து நரி வரும்; அந்தக் காலத்துப் புத்தி இன்னும் விட்டுப்போகவில்லை. குட்டி போட்ட அன்றைக்கே அது மறுபடி சினை பிடிக்கும் என்பது தெரிந்ததும் மடவையை அவசரமாகத் தனியே மாற்றினார்கள். இடையே தடுப்பாகக் கட்டியது பழைய நைலான் வலை. ஒரே ராத்திரி. காலையில் வலையில் ஒரு கதவு இருந்தது. வலையைக் கடிக்கிற பிராணியை மீன்பிடிக்கிறவன் வீட்டில் வைத்திருப்பதா என்று அண்ணனின் மச்சான் கேட்டது நியாயமான கேள்வி. நூல் வயிற்றுக்குள் போயிருந்தால் குடல் அடைத்திருக்கும். அதன்பின் பொன்னேரியிலிருந்து வெல்ட் மெஷ் வாங்கி வந்தோம்.

ஐந்து குட்டிகளை உறவுக்காரர்கள் எடுத்துப் போனார்கள். ஒரு பெட்டையை மட்டும் பிள்ளைகள் விடவில்லை. எதைக் கண்டாலும் கடித்ததால், அதுவும் பனையோலையைக் கண்டால் விடாமல் கடித்ததால், அதற்கு ஓலை என்று பேர் ஆயிற்று. மடவை தடுப்புக்கு அந்தப் பக்கம். தாயும் மகளும் இந்தப் பக்கம். அந்த ஏற்பாடு ஐப்பசி முடியும்வரை சண்டையில்லாமல் ஓடியது.

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். அது கரையைக் கடந்தது ஆந்திராவில் பாபட்லா அருகேதான். ஆனால் சென்னையையும் எங்கள் கரையையும் இரண்டு நாள் மெல்ல நகர்ந்து அடித்தது. கொல்லையில் தண்ணீர் ஏறியதும் முயல்களை உள் அறைக்குத் தூக்கினோம். சோழியும் ஓலையும் இருந்த கொல்லைக் கூடு போயிற்று, இரண்டும் தரையில். நான்கு சுவர், ஒரு கட்டில், எங்கள் துணிமூட்டைகள், அவை இரண்டு. மின்சாரம் இல்லாத அந்த இருட்டில் கட்டிலடியில் ஏதோ உருண்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் தாயும் மகளும் ஒன்றையொன்று வயிற்றோடு வயிறாகக் கவ்விக்கொண்டு சுழல்கின்றன. முயலுக்குச் சத்தம் இல்லை என்பார்கள். அன்று கேட்ட கிறீச்சிடலை அண்ணன் மகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். விளக்குமாற்றை நடுவே விட்டுத்தான் பிரித்தோம். கையை விட்டிருந்தால் கை கிழிந்திருக்கும். ஓலையின் காதில் ஒரு கிழிசல். சோழியின் தொடையில் தோல் ஒரு விரல் நீளத்துக்குத் திறந்திருந்தது. முயல் தோல் அவ்வளவு மெல்லிசு.

அதோடு இன்னொன்றும் தொடங்கியது. அதுவரை கொல்லைக் கூட்டின் ஒரே மூலையில் போய்க்கொண்டிருந்தவை, தண்ணீர் வடிந்த பிறகும் வழியெல்லாம் புழுக்கை போட்டன. தனித்தனி அறையில் விட்டாலும் அதே கதை. வாசற்படி, அம்மி மூலை, ஆயாவின் பாய். அண்ணிக்குச் சண்டையைவிட இதுதான் பெரிய விஷயம். “அடிச்சிக்கினு சாவட்டும். என் அடுப்பாண்டை இன்னாத்துக்குப் போவணும்?”

பார்த்தால் இரண்டு வேறு வேறு தொல்லைகள்: ஒன்று குணம், ஒன்று சுத்தம். அப்படித்தான் எல்லோரும் ஆலோசனை சொன்னார்கள். சண்டைக்குக் குணத்தைத் திருத்து, புழுக்கைக்கு மூக்கில் தட்டு என்று. தட்டினால் முயல் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: நம்மைக் கண்டால் ஓடுவது.

தமிழில் முயல் வளர்ப்புப் பற்றிக் கிடைத்த கையேடுகளைப் பொன்னேரியில் தேடிப் படித்தேன். நீலகிரியில் சாண்டிநல்லா, கொடைக்கானல் மலையில் மன்னவனூர் என்று முயல் ஆராய்ச்சி நடக்கும் இடங்களெல்லாம் குளிர்ந்த மலைகள். வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா என்று இனங்கள். கையேடுகள் எழுதப்பட்டிருப்பது இறைச்சிக்காக வளர்க்கும் பண்ணைக்காரருக்கு. அவர்களின் தீர்வு ஒரே வரி: வளர்ந்த முயலை ஒரு கூண்டுக்கு ஒன்றாக அடை. கம்பித் தரை; புழுக்கை தானாகக் கீழே விழும். சண்டையும் இல்லை, சுத்தத் தொல்லையும் இல்லை. பண்ணைக்கு அது சரியான தீர்வுதான், குறை சொல்ல மாட்டேன். வீட்டில் மூன்று முயலை மூன்று பெட்டியில் அடைத்துவைக்க முயல் எதற்கு? கூட்டத்தில் வாழப் பிறந்தது தனியே கிடந்தால் நாள் முழுக்கக் கம்பியைக் கடித்துக்கொண்டிருக்கும்.

விஷயம் விளங்கியது வேறொரு நாட்டுக் கதையில். 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் வேட்டைப் பொழுதுபோக்குக்காக இரண்டு டஜன் முயல்களை அவிழ்த்துவிட்டார். அவை பெருகிக் கண்டத்தையே மேய்ந்தன. ஒழிக்க வேண்டுமானால் அதன் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அரசாங்கம் விஞ்ஞானிகளை அமர்த்தியது. அவர்களில் ரோமன் மிகிடோவிச் என்பவர் 1960களில் முயலின் வாசனையைத்தான் ஆராய்ந்தார். தாடைக்கு அடியில் ஒரு சுரப்பி. அதைப் பொருள்மேல் தேய்த்து ‘இது என்னுடையது’ என்று எழுதிவைக்கிறது. மூத்திரம் இன்னொரு எழுத்து. புழுக்கைக் குவியல் மூன்றாவது. அதில் ஆசனவாய்ச் சுரப்பியின் வாசனை பூசியிருக்கும். தன் வாசனை வீசும் இடத்தில் நிற்கிற முயல் துணிந்து சண்டையிடும், வேற்று வாசனை வீசும் இடத்தில் அதே முயல் தயங்கும் என்பதையும் அவருடைய குழு பரிசோதித்துப் பார்த்தது.

ஆக, அண்ணி அடுப்பங்கரையில் கண்டது அசிங்கம் அல்ல, பட்டா. சோழி அம்மி மூலையில் போட்ட புழுக்கையை ஓலை மோந்து பார்த்துவிட்டு அதன் மேலேயே தன்னுடையதைப் போட்டது. சோழி திரும்பி வந்து அதன்மேல். சண்டையும் புழுக்கையும் ஒரே வழக்கின் இரண்டு காகிதங்கள். இடத் தகராறு தீராமல் இரண்டில் எதுவும் தீராது.

இதை அண்ணனிடம் விளக்கியபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. “ஒரே எடத்துல ஒருத்தனே எந்நாளும் வலை போட்டா சண்டை வராம இன்னா செய்யும்? மாத்தி வுடு” என்றார்.

பாடு முறையை மனத்தில் வைத்துத்தான் சொன்னார். பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். முகத்துவாரத்துக்குப் பக்கத்துப் பாட்டில் கடல் இறால் ஏரிக்குள் ஏறும்போதும் இறங்கும்போதும் வலை நிறையும். தள்ளி இருக்கும் பாட்டில் அவ்வளவு கிடைக்காது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்க்குப்பம் மூன்றும் இந்த இடங்களை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கின்றன. சீட்டுப் போட்டுக் குழு பிரிப்பார்கள். இன்று நல்ல இடத்தில் வலை போட்ட குழு அடுத்த முறை வேறு இடத்துக்குப் போக வேண்டும். 1991இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் இந்த முறையைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. பாடு அப்படியொன்றும் சொர்க்கம் இல்லை. பங்கு கேட்டு மற்றக் குப்பங்கள் மோதியிருக்கின்றன. இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அதில் இடம் கிடையாது. தலைக்கட்டு ஆண்களின் கணக்கு அது. இங்கேயே பிறந்த என் பெயர் எந்தச் சீட்டிலும் ஏறாது. ஆனாலும் இடத்துக்காக வரும் சண்டையைக் குணத்தின் குறை என்று இங்கே யாரும் சொல்லமாட்டார்கள். இடத்தை யாருக்கும் சாசனமாக்கிக் கொடுக்காதே, சுற்றிவிடு என்பதுதான் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த நியாயம். முயலுக்கும் அது பொருந்தும் என்று அண்ணன் தாமாகவே சொன்னதை, பிறகு வேப்பேரி கால்நடை மருத்துவரும் வேறு வார்த்தையில் சொன்னார்.

அறையின் நடுவே இரண்டு வரிசை வெல்ட் மெஷ். இடையில் நான்கு விரல் இடைவெளி. மூக்கு மோந்துகொள்ளலாம், பல் படாது. சோழி இந்தப் பக்கம், ஓலை அந்தப் பக்கம். மறுநாள் மாற்றிவிட வேண்டும். முயலை மட்டும்தான், வைக்கோலையும் தட்டையும் அல்ல. ஒருத்தி படுத்த இடத்தில் இன்னொருத்தி, ஒருத்தியின் புழுக்கைத் தட்டில் இன்னொருத்தி. முதல் நாட்களில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தாடையைத் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்தன. தீனித் தட்டுகளை முதலில் தடுப்புக்கு எட்டத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கினோம். கல்யாண முருங்கை இலை என்றால் மூன்றுக்கும் உயிர். அதைத் தின்னும்போது எதிரியைப் பார்த்து முறைக்க நேரம் இருக்காது.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. 2024 புத்தாண்டு காலை, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எக்ஸ்போசாட் செயற்கைக்கோளோடு பி.எஸ்.எல்.வி. ஏறியது. ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகாதே என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அதனால் அண்ணன் வீட்டில் இருந்தார். தடுப்பைத் துடைக்கக் கழற்றி வைத்திருந்தார். ஒன்பது மணி தாண்டியதும் ஏரிக்கு அப்பால் அந்த உறுமல். மடவை பின்னங்காலால் தரையை ‘தப்’ என்று அடித்தது. அது முயலின் அபாய மணி. சோழியும் ஓலையும் பாய்ந்து ஒரே மூலையில், ஒன்றின் வயிற்றுக்குள் ஒன்று முகம் புதைத்து உட்கார்ந்துவிட்டன. “பாத்தியா, ராசியாயிடிச்சி” என்று பிள்ளைகள் குதித்தார்கள். பயத்தில் ஒட்டிக்கொள்வதைச் சமாதானம் என்று நம்பி, முயல்களை வண்டியில் வைத்துக் குலுக்கிக் கூட்டிப்போவோரும் உண்டாம். உறுமல் அடங்கி, ஏரிக் கொக்குகள் திரும்பவும் இறங்கிய கொஞ்ச நேரத்துக்குள் அறையெங்கும் வெள்ளை மயிர் பறந்தது.

மடவைக்கு ஆண்மை நீக்கும் அறுவை சிகிச்சை செய்ய வேப்பேரி போனோம். 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி அது. நாய், பூனை, குதிரை என்று வரிசை. மடியில் மீன் ட்ரேயில் முயலோடு அண்ணன். அந்த வரிசையில் மீன் வாசனை எங்களிடமிருந்து மட்டும்தான். நாய்க்காரர்களுக்கெல்லாம் முதல்நாள் இரவு முதல் பட்டினி போடச் சொல்லியிருந்தார்கள். எங்களிடம் மருத்துவர் அதற்கு நேர்மாறாகச் சொன்னார்: “முயலுக்கு வாந்தி வராது. பட்டினி போட்டா குடல் நின்னுடும். கடைசி வரைக்கும் புல்லு குடுங்க.” அறுவைக்குப் பிறகும் சில வாரம் பெட்டையிடமிருந்து விலக்கி வைக்கச் சொன்னார். உள்ளே மிச்சம் இருக்கும் விந்து அதுவரை வேலை செய்யும். கரையில் இந்தச் செய்தி பரவியதும் அண்ணனை விடவில்லை. “இன்னா மாமா, ஆம்பளைய இப்பிடிப் பண்ணிட்டியே” என்று வலைக்கூடத்தில் ஒரு மாசம் சிரித்தார்கள். மடவை சுவரில் பீய்ச்சுவது நின்றது. அண்ணிக்கு அதன்பிறகு மருத்துவர்மேல் அளவில்லாத மரியாதை.

சோழிக்கும் பிறகு செய்தோம். பெட்டைக்கு வயிற்றைத் திறக்க வேண்டும் என்பதால் அண்ணன் தயங்கினார். செய்யாமல் விட்டால் வயதான பெண் முயலுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் வருவது மிகச் சகஜம் என்று மருத்துவர் சொன்னதும் தயக்கம் போயிற்று. ஓலைக்குக் கடைசியாக.

இனி தட்டு விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அண்ணிதான் இதில் நிபுணி.

மூலையை முயல்தான் தேர்ந்தெடுக்கும், நாம் அல்ல. அண்ணி முதலில் தட்டைக் கொல்லைக் கதவோரம் வைத்தாள், தனக்கு வசதி என்று. மூன்றும் அதில் படுத்துத் தூங்கின. போவதற்கு அம்மி மூலைக்குப் போயின. பிறகு அம்மியை நகர்த்திவிட்டுத் தட்டை அங்கே வைத்தாள். பழைய மீன் ட்ரே, முன்பக்கம் அறுத்துத் தாழ்த்தியது. அடியில் பொன்னேரி அரைவை மில்லின் உமி, மேலே வைக்கோல். ஏரி மணலைப் போட்டுப் பார்த்தது வீண். உப்பு மணல் ஈரம் விடாது, காலில் ஒட்டி வீடெல்லாம் வரும். இன்னொரு சூட்சுமம்: முயல் தின்றுகொண்டே போகும் பிராணி. புல் கட்டைத் தட்டுக்கு நேர் மேலே, எக்கித் தின்னும் உயரத்தில் தொங்கவிட்டால், தின்ன ஏறி, அங்கேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டு இறங்கும். தட்டைப் பளிச்சென்று கழுவிவிடவும் கூடாது. நனைந்த வைக்கோல் ஒரு பிடி மிச்சம் இருக்க வேண்டும். வெளியே கிடக்கும் புழுக்கையைக் கூட்டித் தட்டுக்குள்தான் கொட்ட வேண்டும். பட்டா எங்கே எழுதப்படலாம் என்பதை அவற்றின் பாஷையிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியே நனைந்த இடத்தை வினிகர் போட்டுத் துடைக்க வேண்டும். முயல் மூத்திரத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம். காய்ந்தால் வெள்ளைப் படலமாக நிற்கும், வெறும் தண்ணீருக்குப் போகாது.

ஒரு நாள் தட்டில் ரத்தச் சிவப்பு. அண்ணி அலறி, அண்ணனைக் கரையிலிருந்து கூப்பிட்டு, ஊரே கூடியது. இலைதழைகளில் உள்ள சில நிறமிகள் முயல் மூத்திரத்தைச் செம்மண் கலரில் வெளியேற்றும், ஓரிரு நாளில் மாறிவிடும். அதேபோல ஆயா ஒரு விடியற்காலை, சோழி குனிந்து தன் பின்புறத்திலிருந்தே எதையோ வாங்கித் தின்பதைப் பார்த்துவிட்டு அன்றைக்குக் காலைக் கஞ்சியே குடிக்கவில்லை. அது கடினமான உருண்டைப் புழுக்கை இல்லை; திராட்சைக் கொத்துப்போல மெத்தென்று வருவது. பெருங்குடலில் புளித்து, சத்து நிறைந்து இறங்குவதை முயல் மறுபடி தின்றாக வேண்டும். ஆடு அசைபோடுவதற்கு இது மாற்று. அந்த மெத்தென்ற கொத்து தின்னப்படாமல் தரையில் கிடந்தால்தான் கவலை. எங்கள் வீட்டில் கிடந்தது. அண்ணன் மகன் ரகசியமாகக் கொடுத்த பிஸ்கட்டை நிறுத்தியதும் நின்றது.

மழைக்காலம்தான் சோதனை. கதவு ஜன்னல் அடைத்த அறையில் மூத்திர நெடி ஏறினால் முயலுக்குத் தும்மல் பிடிக்கும், மூக்கு ஒழுகும். நமக்கு நெடி தெரிகிறபோது தரையோடு மூக்கு வைத்திருக்கும் அதற்கு எத்தனை மடங்கு தெரியும்! உமியை அந்த மாதங்களில் தினமும் மாற்ற வேண்டும்; மில்லுக்கு ஆள் போகாத நாளில் செய்தித்தாள்.

மறைந்துகொள்ளக் கூடையும் வேண்டும். பழவேற்காட்டில் முஸ்லிம் பெண்கள் பனையோலையில் பெட்டி, கூடை பின்னுவதில் பேர்போனவர்கள். அவர்களிடம் வாங்கிய மூடிக்கூடையைக் கவிழ்த்து ஒரு வாசல் வெட்டிக் கொடுத்தோம். உள்ளே போனவள் மாட்டிக்கொண்டாள். வெளியே நின்றவள் காவல்காரி ஆனாள். ஒரு வாசல் வீடு முயலுக்குப் பொறி. இரண்டு வாசல் வெட்டியதும் ஒருத்தி நுழைந்தால் இன்னொருத்தி மறுபக்கம் போய்விட முடிந்தது. பாதிச் சண்டை அதிலேயே போயிற்று. முயலின் பல் சாகும்வரை வளரும், கடித்துத் தேய்த்தாக வேண்டும். ஓலை தன் பெயருக்கு ஏற்றபடி கூடைகளைத் தின்று தீர்க்க, பின்னிக் கொடுத்த அக்கா, “உங்க முயலாலதான் எனக்கு வியாபாரம்” என்றாள்.

ஒன்றுசேர்ப்பதற்கு யாருக்கும் சொந்தமில்லாத தரை வேண்டும். வீட்டில் அப்படி ஓர் அங்குலம் இல்லை. அண்ணன் மூன்றையும் வலைக்கூடத்துக்குத் தூக்கிப்போனார். சிமென்ட் தரை, டீசல் வாசனை, முயல் வாசனை அறவே கிடையாது. வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர்கள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள். பஞ்சாயத்து மாதிரியே இருந்தது. சோழி ஓலையின் முன்னால் வந்து தலையைத் தரையோடு தாழ்த்தியது. “பெருசு விட்டுக்குடுக்குது பாரு” என்றார் ஒருவர். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். முயல் பாஷையில் பெரும்பாலும் அதற்கு நேரெதிர் அர்த்தம்: என் நெற்றியை நக்கு என்ற கட்டளை. ஓலை கொஞ்ச நேரம் பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு தரையை மோந்தது. மடவைதான் நடுவே வந்து சோழியின் நெற்றியை நக்கியது, பிறகு ஓலையின் காதை. பிறகு வந்த நாட்களிலும் கரைக்குப் போகாத சாயங்காலங்களில் அங்கேயே கொண்டுபோய் விட்டார். ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது, துரத்துவது, ஒரு கொத்து மயிர் போவது எல்லாம் நடந்தன; கவ்விக்கொண்டு உருள்வது மட்டும் குறைந்து, நின்றது. கடைசியில் ஓலை சோழியின் நெற்றியை நக்கிய நாளிலும் பெரியவர் தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவருமுன் அறையை வினிகரால் அலசி, கட்டிலை மறுபக்கம் போட்டு, கூடைகளை மாற்றி வைத்தோம். பழைய பட்டா எதுவும் செல்லாது என்று காட்டத்தான். தட்டு மட்டும் இரண்டு. ஒன்று அதே மூலை, ஒன்று எதிர் மூலை. சேர்ந்த முதல் இரண்டு மூன்று வாரம் மறுபடி வழியெல்லாம் புழுக்கை. இது வரும் என்று சொல்லிவைத்திருந்ததால் அண்ணி பொறுத்துக்கொண்டாள், அல்லது பொறுத்துக்கொண்டதாகக் காட்டினாள். பிறகு மூத்திரம் முழுக்கத் தட்டுக்குள் அடங்கியது. புழுக்கை பெரும்பாலும் அடங்கியது.

இப்போது ஒன்று மிச்சம். புது ஆள் யாராவது வந்தால், அதுவும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தால், சோழி எழுந்து போய் அந்தச் செருப்புப் பக்கத்தில் ஏழெட்டுப் புழுக்கை போட்டுவிட்டுத் திரும்பும். பெண் பார்க்க வந்தவர்கள், கேஸ் சிலிண்டர்காரர், மீன் கம்பெனிக் கணக்குப்பிள்ளை, யாருக்கும் விதிவிலக்கு இல்லை. அண்ணி கேட்டுப் பார்த்துவிட்டாள், மருத்துவரும் சிரித்துவிட்டார். அதனால் விருந்தாளிகள் செருப்பை இப்போது திண்ணைமேல் வைக்கச் சொல்கிறோம்.